பியாட்ரிஸ் அம்மையாரின் நூறு கட்டுரைகள்

ஒருவர் கற்ற கல்வியையும், அதனால் உலகம் பெற்ற பயனையும் ஓர் இலக்கத்திற்குள் அடக்கிவிடலாம் என்னும் நம்பிக்கை நமது காலத்தில் மிகவும் வலுப்பெற்றிருக்கிறது. சர்வகலாசாலைகளில் உத்தியோகம் வேண்டி விண்ணப்பம் செய்வோரை, "நீர் என்ன கண்டுபிடித்தீர்?" என்று கேட்பதற்கு முன்னரே, "நீர் எழுதிய கட்டுரைகள் எத்தனை? அவற்றைப் பிறர் எத்தனை முறை எடுத்துக்காட்டியிருக்கின்றனர்?" என்று கேட்கிறார்கள். முதற் கேள்வியின் விடையைச் சீர்தூக்கிப் பார்க்க அத்துறையில் வல்ல அறிஞர் ஒருவர் வேண்டும். இரண்டாவது கேள்விக்கு ஒரு குமாஸ்தா போதும். ஆதலின் இரண்டாவது கேள்வியே செல்வாக்குப் பெற்றதில் வியப்பொன்றுமில்லை.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம்மவர்க்கு இந்தக் கணக்கினால் ஆவதென்ன என்று நேயர் ஒருவர் கேட்கலாம். கேட்பது நியாயமே. நம் பாட்டனார் காலத்தில் கல்லூரியின் வாயிலைக் கண்டவர் நம்மில் மிகச் சிலர். இன்று லயத்தில் பிறந்த பெண்மக்களும் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்கிறார்கள். அவ்வாறு செய்பவர்களை அங்கே இந்தத் தராசில்தான் ஏற்றி நிறுக்கிறார்கள். தராசின் தன்மை இன்னதென்று அறியாமல் அதன்மீது ஏறி நிற்பது நன்றன்று. இது குறித்துச் சில மாதங்களாக நாம் கிடைத்தவற்றையெல்லாம் படித்து வந்தோம். அவ்வாறு படிக்கும்போது ஒரு வானநூல் அம்மையாரின் வரலாறு நம் மனத்தைப் பற்றிக்கொண்டது. அவர் நட்சத்திர மண்டலங்களை ஆராய்ந்தவர். நாற்பது வயதில் மறைந்தவர். அவரை இந்தத் தராசில் ஏற்றிப் பார்த்தால் தராசின் குணமும் விளங்கும், அவர் பெருமையும் ஓரளவு விளங்கும் என்று தோன்றியது.

முதலில் தராசைப் பார்ப்போம். விஞ்ஞானி ஒருவர் கட்டுரை எழுதும்போது, தமக்கு முன் அவ்விஷயத்தை ஆராய்ந்தவர்களின் கட்டுரைகளைப் பெயர் சொல்லிக் காட்டுவது மரபு. அஃது ஒருவகை நன்றியறிதல். கடன் பத்திரம் என்றும் கொள்ளலாம். யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்பதை ஒன்றுதிரட்டி அட்டவணையாக்கினால் என்ன என்னும் யோசனையை 1955-ஆம் ஆண்டில் அமெரிக்கரான யூஜின் கார்பீல்ட் என்பவர் வெளியிட்டார். 1960-ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதிக்குள் அவருடைய மேற்கோள் அட்டவணை பெரும் புத்தகங்களாக வெளிவரத் தொடங்கிவிட்டது. பழைய கட்டுரை ஒன்றைப் படித்தவர், அதற்குப் பிறகு அவ்விஷயம் எப்படி வளர்ந்தது என்று தேடிச் செல்ல வழிகாட்ட வேண்டுமென்பதே அவருடைய முதல் நோக்கம். தேடுவதற்கு உண்டாக்கிய கருவி வெகு சீக்கிரத்தில் நிறுப்பதற்கான கருவியாக மாறிற்று.

பின்னர் 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்னும் பௌதிக சாஸ்திரி ஒரு சுருக்கமான கணக்கைச் சொன்னார். ஒருவர் எழுதியவற்றுள் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறையாவது எடுத்துக்காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 20. முப்பது கட்டுரைகள் முப்பது முறை வீதம் காட்டப்பட்டிருந்தால் எண் 30. எளிய கணக்கு, சிறு பிள்ளையும் போட்டுவிடலாம். ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒருவர் தம் வாழ்நாளில் ஐந்தே கட்டுரைகள் எழுதி, அவ்வைந்தும் உலகத்தையே புரட்டியிருந்தாலும், இந்தக் கணக்கின்படி அவருடைய எண் ஐந்தைத் தாண்டாது. சொன்னவரே 2020-இல், தம் கணக்கு சில சமயங்களில் பெருந்தவறு செய்யும் என்றும், நினையாத தீய விளைவுகள் அதனால் உண்டாகக்கூடும் என்றும் எழுதினார். அதற்குள் அது பல நாட்டு அலுவலகங்களில் நிலைபெற்றுவிட்டது.

வானநூலாருக்கு இந்த விஷயத்தில் வசதி அதிகம். அமெரிக்க நாட்டு விண்வெளி ஸ்தாபனத்தின் பொருளுதவியில் 1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்து ஒரு பெரிய ஏடகம் நடைபெற்று வருகிறது. வானநூற் கட்டுரைகள் அனைத்தையும் அது திரட்டி வைத்து, எதை யார் எடுத்துக்காட்டினார் என்பதையும் கூடவே காட்டுகிறது. காசு கேட்பதில்லை, சாதி, நாடு கேட்பதில்லை. கையில் ஒரு கணினியோ கைத்தொலைபேசியோ உள்ளவர் எவரும் புகுந்து பார்க்கலாம். நாமும் புகுந்தோம். பியாட்ரிஸ் டின்ஸ்லி என்னும் பெயரை இட்டுத் தேடினோம்.

அவர் 1941-ஆம் ஆண்டு ஜனவரி 27-இல் இங்கிலாந்தில் செஸ்டர் நகரில் பிறந்தார். யுத்தம் முடிந்ததும் குடும்பம் நியூசிலாந்திற்குக் குடிபெயர்ந்தது. நியூ பிளிமத் என்னும் ஊரில் பெண்கள் பள்ளியில் படித்து, கிறைஸ்ட்சர்ச் நகரத்திலுள்ள காண்டர்பரி சர்வகலாசாலையில் பௌதிகத்தில் முதல் வகுப்பில் தேறினார். 1961-இல் உடன் பயின்ற பிரயன் டின்ஸ்லியை மணந்தார். கணவருக்கு அச்சர்வகலாசாலையில் வேலையிருந்தது. ஆகையால் மனைவிக்கு அங்கே வேலை கொடுக்கலாகாது என்பது அக்கால நியதி. 1963-இல் கணவரின் உத்தியோகம் காரணமாக இருவரும் அமெரிக்காவில் டாலாஸ் நகரத்திற்குச் சென்றார்கள். அங்கும் அவருக்கேற்ற இடமில்லை. ஏறக்குறைய 200 மைலுக்கு அப்பால் ஆஸ்டின் நகரத்தில் டெக்சாஸ் சர்வகலாசாலை இருந்தது. வீடு ஓர் ஊரிலும் கல்வி வேறோர் ஊரிலுமாக அவர் போய் வந்து படித்தார். 1964-இல் சேர்ந்தவர் மூன்றாண்டு நிறைவதற்குள் ஆராய்ச்சி நூலை முடித்து டாக்டர் பட்டத்திற்கு உரியவரானார்.

அந்த நூலின் பொருள் இன்னதென்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இரவில் தோட்டத்து மேட்டில் ஓர் அரிக்கன் விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த விளக்கு எவ்வளவு வெளிச்சம் தரும் என்பது நமக்குத் தெரியுமானால், கண்ணுக்கு எவ்வளவு மங்கலாகத் தோன்றுகிறது என்பதைக் கொண்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மதிப்பிடலாம். வானநூலார் செய்ததும் அதுவே. கோடானுகோடி நட்சத்திரங்கள் கூடியது ஒரு மண்டலம். நமது பால்வீதி அத்தகைய மண்டலங்களுள் ஒன்று. மண்டலங்களுள் மிகப் பெரியவற்றை விளக்குகளாகக் கொண்டு, அவற்றின் மங்கலை அளந்து, பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகுமா, அல்லது ஒரு நாள் நின்று திரும்பிச் சுருங்குமா என்று தீர்மானிக்க முயன்றார்கள். அம்முயற்சியில் தலைவராக விளங்கியவர் ஆலன் சாண்டேஜ். கலிபோர்னியாவில் பலோமார் மலைமீதிருந்த 200 அங்குலத் தூரதரிசினிக் கண்ணாடி அவருக்குக் கருவி. அந்நாளில் அதனினும் சிறந்த கருவி உலகில் இல்லை. அவரினும் பெரிய பெயரும் அத்துறையில் இல்லை என்றே சொல்லலாம்.

டாலாஸ் நகரத்தில் உத்தியோகமில்லாத ஒரு குடும்பப் பெண் கேட்ட கேள்வி இதுதான்: விளக்கு எப்போதும் ஒரே அளவாகவா எரிகிறது?

நட்சத்திரங்களுக்குப் பிறப்பும் இறப்பும் உண்டு. நமது சூரியனைப் போன்றது ஏறக்குறைய ஆயிரம் கோடி ஆண்டுகள் எரியும். அதைப் போலப் பத்து மடங்கு கனமுள்ளது சில கோடி ஆண்டுகளுக்குள் எரிந்து தீர்ந்துவிடும். கனமானவை நீல ஒளியும் மிகுந்த பிரகாசமும் உடையவை. அவை முதலில் மடிகின்றன. சிறியவை மங்கிய செந்நிறத்தோடு நெடுங்காலம் எஞ்சி நிற்கின்றன. ஆகவே புதிய நட்சத்திரங்கள் பிறப்பது நின்றுபோன ஒரு மண்டலம் காலம் செல்லச் செல்லச் சிவந்து மங்கும். தூரத்திலுள்ள மண்டலத்தின் ஒளி நம்மை வந்தடையப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆவதால், நாம் காண்பது அதன் இளமைக் கோலத்தையே. இளமையில் அது இன்றைக்கு இருப்பதைவிட அதிகப் பிரகாசமாயிருந்தது. அந்தப் பிரகாசத்தை அறியாமல் தூரம் கணித்தால் கணக்குப் பிசகும். தூரம் பிசகினால் பிரபஞ்சத்தின் கதியைப் பற்றிய தீர்ப்பும் பிசகும். இதை வெறும் வாதமாகச் சொல்லாமல், நட்சத்திரங்கள் பிறக்கும் வேகம், எரியும் காலம், அவை மடியும்போது வெளியில் கலக்கும் வாயு ஆகிய எல்லாவற்றையும் கணக்கிட்டு, ஒரு மண்டலத்தின் நிறமும் ஒளியும் யுகந்தோறும் எப்படி மாறும் என்று கணிப்பொறியில் போட்டுக் காட்டினார். முன்பு துண்டு துண்டாக இருந்த அறிவை ஒரு வரவு செலவுப் புத்தகமாக்கினார் என்றால் தகும்.

அக்கட்டுரை 1968-இல் அமெரிக்காவில் வானநூலாரின் முதன்மையான சஞ்சிகையில் வெளியாயிற்று. அச்சஞ்சிகைக்கு 1952 முதல் 1971 வரை ஆசிரியராயிருந்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். இளமையில் தம் ஆராய்ச்சியைப் பெரிய பெயருடைய ஒருவர் சபையில் வைத்து ஏளனம் செய்ததைப் பொறுத்தவர் அவர். 1983-இல் நோபல் பரிசு பெற்றார். தமிழ்க் குடியில் வந்தவர் என்று மார்தட்டிக்கொள்வதற்காக இதை நாம் சொல்ல வரவில்லை. நேற்று வரை பெயரறியாத ஒரு பெண், துறையின் தலைவரையே மறுத்து எழுதிய காகிதம் அச்சேறுகிற இடமும் உலகத்தில் இருந்தது என்பதற்காகவே சொல்கிறோம்.

சாண்டேஜ் எளிதில் ஒப்பவில்லை. வாதம் பல ஆண்டு நடந்தது. காலப்போக்கில் மண்டலங்கள் மாறுகின்றன என்பதே துறையின் அடிப்படையாயிற்று. நட்சத்திர மண்டலங்களை விளக்காகக் கொண்டு பிரபஞ்சத்தை அளக்கும் வழி கைவிடப்பட்டு, வெடித்துச் சிதறும் ஒருவகை நட்சத்திரங்களைக் கொண்டு அளக்கும் வழி பிற்பாடு ஏற்பட்டது. 1998-இல் அவ்வழியாகவே, பிரபஞ்சத்தின் விரிவு தளரவில்லை, விரைவுபட்டு வருகிறது என்று கண்டார்கள். கண்டவர்களுக்கு 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது. இங்கே ஒரு விநோதம். 1975-இலேயே ஜேம்ஸ் கன் என்பாருடன் சேர்ந்து பியாட்ரிஸ் அம்மையார், விரிவு விரைவுபடுகிறதோ என்னும் வினாவை 'நேச்சர்' பத்திரிகையில் எழுப்பியிருந்தார். அன்றிருந்த ஆதாரங்கள் அதை நிலைநாட்டப் போதாதவை. நிலைநாட்டிய பெருமை 1998-ஆம் ஆண்டினருக்கே உரியது. எனினும் அதைத் துணிந்து கேட்கத் தடையில்லை என்று காட்டியவர் ஒருவர் முன்னரே இருந்தார்.

நிற்க. இனி எண்ணுக்கு வருவோம். பதினான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய நூறு கட்டுரைகள் எழுதினார். இவ்வளவும் ஒரு மகனையும் ஒரு மகளையும் தத்தெடுத்து வளர்த்துக்கொண்டு, பல ஆண்டு நிலையான உத்தியோகமின்றி எழுதியவை. டாலாஸ் நகரத்தில் உரிய பதவி கிட்டாமற் போகவே, 1974-இல் மணவிலக்குப் பெற்று, குழந்தைகளைக் கணவரிடம் விட்டு, 1975-இல் யேல் சர்வகலாசாலையில் சேர்ந்தார். ஓர் ஆண் உத்தியோக நிமித்தம் ஊர்விட்டு ஊர் போனால் அதைக் கடமை என்கிறோம். பெண் போனால் அதற்கு வேறு பெயர் வைக்கிறோம். அப்பிரிவு அவர் நெஞ்சை எவ்வளவு வருத்திற்று என்பதைப் பிற்காலத்தில் அவருடைய தந்தையார் வெளியிட்ட நினைவு நூல் காட்டுகிறது. 1978-இல் யேலில் வானநூற் பேராசிரியர் பதவி பெற்ற முதற் பெண் ஆனார். அவ்வாண்டிலேயே தோலில் உண்டாகும் கொடிய புற்றுநோய் தமக்கு இருப்பதாக அறிந்தார்.

இவருடைய கட்டுரைகள் எடுத்துக்காட்டப்பட்ட கணக்கைப் பார்த்தபோது நாம் எதிர்பாராத ஒன்றைக் கண்டோம். பொதுவாக ஒரு கட்டுரை வெளியான சில ஆண்டுகளில் அதிகமாகப் பேசப்பட்டு, பிறகு மெல்ல மறக்கப்படும். மழைக்குப் பின் ஓடும் வாய்க்கால் போல என்று வைத்துக்கொள்ளலாம். ரிச்சர்ட் லார்சன், கால்டுவெல் என்னும் இருவருடன் 1980-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை அப்படியில்லை. பெரிய கூட்டங்களில் அகப்பட்ட மண்டலங்கள், தம்மைச் சுற்றியுள்ள வாயுவை இழந்து, புதிய நட்சத்திரங்களைப் பெற வழியின்றிச் சிறிது சிறிதாக மங்கிப் போகலாம் என்பது அதன் கருத்து. அதைச் சோதிக்கத்தக்க பெரிய ஆய்வுகள் அந்நாளில் இல்லை. லட்சக்கணக்கான மண்டலங்களை ஒருங்கே பதிவு செய்யும் கருவிகள் இருபதாண்டுக்குப் பிறகு வந்தன. அதன் பின்னரே அக்கட்டுரையைத் தேடி எடுத்துக்காட்டுகிறவர் பெருகினர். மொத்தம் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அவர் உயிருடனிருந்த எஞ்சிய நாட்களில் அதன் கணக்கு எவ்வளவாயிருந்திருக்கும்? ஒரு கையால் எண்ணக்கூடிய அளவோ, இரு கையால் எண்ணக்கூடிய அளவோ இருந்திருக்கலாம். அன்று ஒரு குமாஸ்தா கூட்டியிருந்தால் அற்பமென்றே எழுதியிருப்பார்.

இன்னொன்று இதற்கு நேர்மாறு. 1968-இல் அவர் வகுத்த வழி இன்று வானநூலார் அனைவருக்கும் மூச்சுக் காற்றுப் போலாகிவிட்டது. மண்டலத்தின் ஒளியைப் பார்த்து அதன் வயதையும் கனத்தையும் சொல்லுகிற முறைகள் யாவும் அவ்வழியில் வந்தவை. புருசுவால், சார்லோ என்னும் இருவர் 2003-இல் வெளியிட்ட கணக்கு முறை பல ஆயிரம் கட்டுரைகளில் எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது. ஆயிரமாயிரம் பேர் அதை அன்றாடம் கையாளுகிறார்கள். அவர்கள் தகுதி உடையவர்களே. ஆனால் கையாளுகிறவர்களில் எத்தனை பேர் 1968-ஆம் ஆண்டுக் கட்டுரையைக் காட்டுகிறார்கள்? சிலரே. ஒரு கருத்து மிகவும் பொதுவுடைமையாகும்போது அதைப் பெற்றெடுத்தவரின் பெயர் உதிர்ந்துபோகும் என்று இராபர்ட் மெர்ட்டன் என்னும் சமூக நூலறிஞர் எழுதியிருக்கிறார். ஆக, கருத்து மிக முந்திப் பிறந்தால் எண் குறையும். கருத்து மிக நன்றாக வேரூன்றினாலும் எண் குறையும்.

வேறொரு புறம் எண் ஊதிப் பெருகுவதும் உண்டு. 2017-இல் இரண்டு நட்சத்திரப் பிணங்கள் மோதி வெடித்ததைப் பல நாட்டார் கூடிக் கண்டு எழுதிய கட்டுரையில் கையெழுத்திட்டவர்கள் 3,500 பேருக்கும் அதிகம். மகத்தான காரியம், ஊர்கூடித் தேரிழுத்தது போன்றது. ஆயினும் வடம் தொட்ட ஒவ்வொருவருக்கும் முழுத் தேரும் கணக்கில் ஏறுவதை என்னென்பது!

இவற்றையெல்லாம் படித்து, இந்தத் தராசை உடைத்துக் குப்பையில் போட்டாலென்ன என்று நாம் சினந்திருந்த நாளில், நம் தமக்கையார் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் தாவர சாஸ்திரம் ஆராய்கிறவள். தோட்டத்துப் பள்ளியில் தொடங்கியவள். தாயார் நோயில் கிடந்த இரண்டு ஆண்டுகள் அவள் ஆராய்ச்சியை நிறுத்தி அருகிலிருந்து பணிவிடை செய்தாள். தமக்கையார் பிழைக்கவில்லை. பிறகு அவள் ஓர் இடத்தில் உத்தியோக உயர்வு கேட்டபோது, அவ்விரண்டு ஆண்டுகளின் கட்டம் ஏன் வெறுமையாயிருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். காரணம் சொன்னாளாம். காரணத்தைக் குறித்துக்கொள்ள அந்தப் படிவத்தில் இடமில்லையாம். நம் தந்தையார் பால்மரம் வெட்டிய காலத்தில், காய்ச்சலில் படுத்த நாளுக்குச் செக்ரோலில் ஒன்றுமிராது. அது நினைவுக்கு வந்தது.

"இந்த எண்ணையே ஒழித்துவிட வேண்டுமம்மா" என்றோம்.

அவள் சிறிது நேரம் பேசாமலிருந்தாள். "ஒழித்துவிட்டால் என்னை யார் உயர்த்துவார்கள், மாமா? எனக்கு அங்கே பெரிய மனிதர் யாரைத் தெரியும்? அந்த எண் இல்லையென்றால் நேர்காணலுக்கே என்னை அழைத்திருக்க மாட்டார்கள். வெறுமையான கட்டத்துக்குப் பக்கத்தில் காரணம் எழுத ஒரு வரி இடம் வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது" என்றாள்.

இது சிந்திக்க வேண்டிய பேச்சு. எண் வருவதற்கு முன் உலகம் நியாயமாக நடந்ததா? சிபாரிசுக் கடிதமும், குலமும், ஒரே மன்றத்தில் தேநீர் அருந்திய பழக்கமுமே அன்று ஆளைத் தேர்ந்தெடுத்தன. நம் பிள்ளைகள் மேலே வந்ததெல்லாம் பரீட்சை எண்களைப் பிடித்துக்கொண்டுதான். வினாத்தாளைத் திருத்துகிறவருக்கு எழுதியவன் கங்காணி மகனா, கூலியாள் மகனா என்பது தெரியாது. செக்ரோலும் அப்படியே. அது இல்லாத நாளில் கங்காணியின் வாய்ச்சொல்லே கணக்கு; அதனால் நம்மவர் பட்ட பாட்டை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பியாட்ரிஸ் அம்மையாரின் விஷயத்திலும் இதுவே உண்மை. உத்தியோகமும் செல்வாக்கும் இல்லாத அவருக்கு வாயிலைத் திறந்தது, அச்சேறிய கட்டுரைகளேயன்றி வேறல்ல. யேல் சர்வகலாசாலையார் அவரை அழைத்தது அவர் இன்னாருக்கு வேண்டியவர் என்பதற்காக அன்று.

ஆகவே எண்ணே கூடாது என்போருடன் நாம் சேரவில்லை. எதை எண்ணுகிறார்கள், எண்ணியதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்பதே கேள்வி. பால் நிறுக்கும் கொட்டகையை அறிந்த நேயர்களுக்கு இது புதிதன்று. கொண்டுவந்த பாலை நிறுத்தவுடன் காரியம் முடிவதில்லை. மெட்ரோலாக்கு என்னும் கருவியை அதில் மிதக்கவிட்டு, நீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்றும் பார்ப்பார்கள். அதற்கு மேலும் நம் தந்தையார் ஒன்று சொல்லுவார்: எனக்கு விழுந்த நிரையில் கிழட்டு மரம் எத்தனை என்று எவன் பார்த்தான்? ஆராய்ச்சியிலும் கிழட்டு மரமும் இளமரமும் உண்டு. ஆயிரம் பேர் மொய்க்கும் துறையில் எழுதுகிறவருக்கு எண் தானே வந்து விழும். பத்துப் பேர் மட்டுமே அறிந்த துறையில் தனியே உழுகிறவருக்கு அது வராது. இவற்றைப் பாராமல், சஞ்சிகையின் பெயரையும் இலக்கத்தையும் மட்டும் கொண்டு ஆளை எடை போடலாகாது என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் கூடிய அறிஞர்கள் ஓர் அறிக்கை வரைந்தார்கள்; 2013-இல் அது வெளியாயிற்று. பல நாட்டு ஸ்தாபனங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. அவ்வறிக்கை கேட்பது கடினமான காரியமன்று: கட்டுரையைப் படித்துப் பார்த்து மதிப்பிடுங்கள் என்பதே. ஆனால் படிப்பதற்கு நேரம் வேண்டும். கூட்டுவதற்கு அவ்வளவு நேரம் வேண்டுவதில்லை.

நாம் வானநூல் கற்றவரல்லோம். இருந்தாலும் அம்மையார் 1980-இல் எழுதிய, நட்சத்திரங்களும் வாயுவும் மண்டலங்களில் எவ்வாறு மாறி வருகின்றன என்பதைப் பற்றிய நீண்ட திறனாய்வை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு இரவு புரட்டினோம். 1968-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு இட்ட தலைப்பையே இதற்கும் இட்டிருக்கிறார். கணக்குகள் நமக்கு எட்டவில்லை. எட்டிய இடங்களில் ஒன்றைக் கண்டோம். தெரிந்தது இவ்வளவு, ஊகம் இவ்வளவு, எந்த அளவு மாறினால் எந்த முடிவு கவிழும் என்று பிரித்து வைத்துக்கொண்டே போகிறார். கடை வைத்திருப்பவன் தன் கடன்களை மறைக்காமல் ஏட்டில் எழுதி வைப்பதைப் போன்ற அந்த நேர்மையே, பின் வந்தவர்கள் அதன்மீது நம்பிக் கட்டுவதற்குக் காரணமாயிருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். நாற்பதாண்டுக்கு மேலாகியும் அது எடுத்துக்காட்டப்பட்டு வருகிறது. நோய் முற்றிக்கொண்டிருந்த நாட்களில் எழுதியது என்பது அதைப் படிக்கும்போது தோன்றவேயில்லை.

கடைசியில் வலக்கை வழங்கவில்லை. இடக்கையால் எழுதக் கற்றுக்கொண்டார். அவ்வாறு எழுதிய கட்டுரையை, இறப்பதற்குப் பத்து நாட்களுக்கு முன் அதே சஞ்சிகைக்கு அனுப்பினார். 1981-ஆம் ஆண்டு மார்ச் 23-இல் உயிர் நீத்தார். கட்டுரை அவ்வாண்டின் பிற்பகுதியில் வெளியாயிற்று.

நியூசிலாந்தில் ஒரு மலைக்கு இன்று அவர் பெயர் வழங்குகிறது. அமெரிக்க வானநூற் சங்கத்தார் அவர் பெயரால் ஒரு பரிசு ஏற்படுத்தினார்கள். புதுமையும் கற்பனைத் துணிவும் உள்ள ஆராய்ச்சிக்கே அது உரியது. பெறுவோர் எந்த நாட்டாராயினும் ஆகலாம். 1986-இல் முதன்முதலாக அதைப் பெற்றவர் ஜோசலின் பெல் பர்னெல் அம்மையார். 1967-இல் மாணவியாயிருந்தபோதே, சீராகத் துடிக்கும் பல்சார் என்னும் நட்சத்திர வகையை முதலிற் கண்டவர் அவர். அக்கண்டுபிடிப்புக்காக 1974-இல் வழங்கப்பட்ட நோபல் பரிசை அவருடைய ஆசிரியர் பெற்றார். அதில் மாணவியின் பெயர் இல்லை.